சுவருக்குள்ளே ஒரு கார்

ஜனவரி 8

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் அத்தையும் சௌக்கியம். அங்கே நீயும் என் அக்காவும் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கிறீர்களா?

உன் அப்பா எங்கள் கொட்டகையில் விட்டுப்போன கூரை மடக்கும் ஸ்போர்ட்ஸ் காரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடப் போவதாக எழுதியிருந்தாய். அதைச் சத்தமாகப் படித்தேன். காரின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்! ஹெட்லைட்டுக்குள் மழை இறங்கியிருக்கிறதாம், அத்தை சொல்கிறாள். அவளுக்கு ரசனை போதாது.

கொட்டகை ஒழுகியதால் காரை முன்னறைக்கே கொண்டுவந்துவிட்டேன். அறையைப் பெரிதாக்கப் பக்கச் சுவரை இடித்திருந்தோமே, அந்த வழியாக. எட்டுப் பேர் தள்ள வேண்டியதை நான் ஒரே தோளால் தள்ளினேன். நான் ஐந்தாவது தாண்டாதவன்தான். ஆனால் என்னைக் கண்டால் இன்ஜின் எழுந்து நிற்கும். அவசரப்படாதே.

உன் மாமா

பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதங்களில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் அம்மா நம்புவாள். நான் முக்கால்வாசியை. எனவே ஒரு பந்தயம். மே மாதம் நான் வரும்போது, கூரையை மடக்கிக்கொண்டு அந்தக் காரில் ரயில் நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துப் போங்கள். கார் உங்களுக்கே. இல்லாவிட்டால் மறுநாள் இரும்புக் கடைக்காரர் வருவார். சொல்லிவைத்துவிட்டேன்.

உங்கள் மருமகள்

மார்ச் 20

அன்பு மருமகளுக்கு,

இன்ஜின் உறுமிவிட்டது! தெருவே அதிர்ந்தது. அறை நிறையப் புகை, அன்றிலிருந்து வீட்டில் ஒரு கொசு இல்லை. கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டினேன். கான்வாஸ் கூரையை அத்தை தைத்தாள். மிஷினில் ஊசி ஊசியாக உடைந்தபோது அவள் சொன்னதையெல்லாம் தபாலில் அனுப்ப முடியாது.

சாரல் பட்டால் பெயின்ட் கெடும் என்று கொத்தனாரை விரட்டிச் சுவரையும் எழுப்பிவிட்டேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பூச்சு!

உன் மாமா

ஏப்ரல் 4

மாமா,

ஒரே ஒரு சந்தேகம். கார் அறைக்குள். சுவர் எழுப்பியாயிற்று. கார் எப்படி வெளியே வரும்?

உங்கள் மருமகள்

ஏப்ரல் 19

அன்பு மருமகளுக்கு,

அது எனக்குத் தெரியாதா? நீ கவனமாகப் படிக்கிறாயா என்று சோதித்தேன்.

உன் கேள்வியை அத்தையிடம் படித்துக் காட்டினேன். கடப்பாரையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். சுவருக்கா, என் தலைக்கா என்று தெரியவில்லை. எதற்கும் ரயிலை விட்டு இறங்கியதும் வாசலைப் பார்.

உன் மாமா

ஜூன் 6

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். அன்று ரயில் நிலைய வாசலில் உங்களைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. கூரையை மடக்கிய, பளபளக்கும் சிவப்புக் கார், தலை நிறையச் செங்கல் தூளோடு நீங்கள், மடியில் கடப்பாரையோடு அத்தை.

"நாலு மாசமா இந்தக் காரைச் சுத்தி வந்துதான் சோறு போட்டேன். கேவலம் ஒரு சுவத்துக்குத் தோத்துப் போறதா? முத அடி நான்தான் அடிச்சேன். அதை மட்டும் உன் மாமா சொல்ல மாட்டாரு!" என்றாரே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. வீடு போகும்வரை கார் ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்பா ஓட்டிய காலத்தில் பாதி வழி நாங்கள்தான் தள்ளுவோம்.

கார் உங்களுடையது. இடித்த இடத்தில் சுவர் வேண்டாம், பெரிய கதவாகப் போடுங்கள்.

நடந்ததையெல்லாம் ஒரு சொல் கூட்டாமல் அம்மாவிடம் சொன்னேன். கடப்பாரை வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நாலு நாள் உன் மாமாகூட இருந்ததுக்கே நீயும் இப்படி அளக்க ஆரம்பிச்சிட்டியா?"

இனி எதையும் கழிக்காத,
உங்கள் மருமகள்