மூழ்கும் வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே வாய்ப்பு

என் ரஃபீக்குக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. உத்திரமேரூர் கடைத்தெருவில் உன் எலெக்ட்ரிகல் கடையை இப்போது உன் மனைவி ஷாஹின்தான் பார்த்துக்கொள்கிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டு உன் லேப்டாப்பைக் கொடுத்தாள். "ஆஸ்பத்திரிலயும் இத்த வச்சிக்கினுதான் இருந்தாரு. உங்களாண்ட குடுக்கச் சொன்னாருண்ணா. இன்னா கீதுன்னு நான் பாக்கல," என்றாள்.

என்ன இருக்கும்? நம் கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் அந்தப் பாழாய்ப்போன வீடுதான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து நீ வந்ததும், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடுவோமே. வீட்டில் ஆளே இல்லை, ஆனால் மாடியில் யாரோ நடப்பது கேட்கும். எதைத் தொடுவது என்று விளையாட்டு ஒரு வரிகூடச் சொல்லாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தண்ணீர் ஒரு படி ஏறியிருக்கும். மூன்று வாரம் ஒரே அறையில் முழித்தும் அதை விட முடியவில்லையே, ஏன்டா?

கடைசிக் கதவு திறக்க, அவ்வப்போது தாமே ஒலிக்கும் நான்கு மணிகளைச் சரியான வரிசையில் அடிக்க வேண்டும். மூன்று முறை தவறினால் வீடு மூழ்கிவிடும். அந்த வீட்டுச் சுவரில் நாம் மவுஸை இழுத்து சாக்பீஸால் எழுதிய குறிப்பெல்லாம் அழிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் மணிப் படங்களின் வரிசைதான் சரி என்று நான் சண்டை போட்டேன்.

"படத்த வுடு பங்காளி, காது குடுத்துக் கேளு. எந்த மணி சீக்கிரம் அடங்குதோ அத்த மொதல்ல அடிக்கணும்," என்றாய். முடிவாகாமலே எழுந்துவிட்டோம். அடுத்த வெள்ளிக்கு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

இன்று திருப்புலிவனத்தில் எங்கள் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து திறந்தேன். தண்ணீர் மார்பளவு. இரண்டு வாய்ப்புகள் ஏற்கெனவே போயிருந்தன. 'நீ இல்லாமல் தொடமாட்டேன்' என்றவன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆடியிருக்கிறாய். கோபம்தான் வந்தது.

பிறகு சுவரில் உன் கோணல் எழுத்தைப் பார்த்தேன். 'குமரன் சொன்ன படம், இடமிருந்து வலம்.' அதன்மேல் ஒரு கோடு. கீழே, 'அதே படம், உருது மாதிரி வலமிருந்து இடம்.' அதன்மேலும் கோடு.

உன் யோசனையை ஒரு முறைகூட நீ முயலவில்லை. ஏன் ரஃபீக்? நான் சொன்னது எப்படியாவது சரியாகட்டும் என்றா?

அடுத்த முறை திறந்தால் தண்ணீர் மணிகளை மூடிவிடும். மாடியில் நடந்தவர் இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறார், மூச்சு கேட்கிறது. தவறினால் உன் எழுத்தும் போய்விடும். பயமாக இருக்கிறது.

ஆனாலும் லேப்டாப்பை மூடமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மணியும் அடங்கும்வரை கேட்டு, நீ சொன்ன வரிசையில்தான் அடிப்பேன். நீ இரண்டு முறை என்னை நம்பினாய். இந்தக் கடைசி முறை நான் உன்னை நம்புகிறேன்.

உன் பங்காளி,
குமரன்