விட்டுப்போன காற்று நாள்கள்

கிள்ளான்

அன்புள்ள மகன் குகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் சுகம், அப்பாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதும்போதும் வேண்டிக்கொள்கிறேன், கோபம் வேறு பிள்ளை வேறு.

போன ஞாயிறு நம் தாமான் குடியிருப்பின் டேவான் மண்டபத்தில் கூட்டம். நாம் கேட்டபடி புகைபோக்கியை உயர்த்தத் தேவையில்லை என்று, நம் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய் ஆலைக்காரர்கள் அறிக்கை கொண்டுவந்தார்கள். குறுக்கே காற்று அடித்தால் புகை எப்படி வளையும் என்று என் பையன் ஜெர்மனியில் ஆராய்ச்சியே செய்கிறான், நமக்காகப் பேசுவான் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, எழுதியவர் என்று உன் பெயர். அக்கா, இது உங்க பையன் பேருதானே என்று பக்கத்து வீட்டு மலர்விழி கேட்டாள். அடுத்த பக்கத்தில் என் நோட்டுப் புத்தகம். உன் படிப்புக்கு என்று நீ கேட்டதால்தானே எட்டு மாதம், மத்தியானம் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் புகையைப் பார்த்து எழுதினேன்? காற்று இல்லாத நாளில் நேராக மேலே போய்விடும். கடல் பக்கத்துக் காற்று பலமாக அடித்தால் வெளியே வந்ததுமே வளைந்து, இரண்டு பக்கமும் சுருண்டு, புகைபோக்கியின் முதுகோடு கீழே இறங்கி நம் கொடித் துணியில் கரியாகப் படியும். வேகமா வர்ற புகைதாம்மா காத்தை வெட்டிக்கிட்டுப் போகும், மெதுவா வர்றதைக் காத்து அமுக்கிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். அந்தக் காற்று நாள் ஒன்றுகூட அறிக்கையில் இல்லை. புகை நேராகப் போன நாள்களை மட்டும் பொறுக்கி எடுத்து, உள்ளூர்வாசி ஒருவரின் பதிவு என்று போட்டிருக்கிறாய். போனில் கேட்டதற்கு, கம்பெனி கேட்டதைத்தான் கொடுத்தேன், நான் என்னம்மா செய்ய முடியும் லா என்றாய். பெற்றவளையே சாட்சியாக வைத்து உன் அப்பாவின் இருமலைப் பொய்யாக்கிவிட்டாயே, அதுதான் தாங்கவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் உன் படத்தைத் துடைத்து மாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. முருகன் துணையால் நீ நன்றாக இருப்பாய். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி புகைபோக்கி பற்றி எல்லாரையும் வைத்து விசாரணை, அதற்குள் உன் அறிக்கையை நீயே திருத்தி அனுப்பிவிடு. இல்லாவிட்டால் என் நோட்டுப் புத்தகத்தை முழுசாக வாசித்து, என் மகன் எழுதியது பொய் என்று எல்லார் முன்னாலும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

உன் அம்மா
சீதாலெட்சுமி