இலைக்கும் இலைக்கும் நடுவே

ஜூன் 11

கேன்டீனில் இன்று நிற்க நேரமில்லை. மேல்மாடி அலுவலகத்தில் ஏதோ மீட்டிங்காம், டீ மேல் டீ. கெட்டில் மூக்கைக் கோப்பை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நான் ஊற்றுவேன். தட்டாமல் ஊற்றினால் பாதி டீ மேசைக்குப் போய்விடும். அந்தச் சத்தத்தை வைத்தே எனக்கு 'டிங் அக்கா' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். லிஃப்ட்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் நான் டிங் அக்காதான். கோபமெல்லாம் இல்லை. இதைவிட மோசமான பெயர்களெல்லாம் அங்கே உலவுகின்றன.

வீட்டுக்கு வந்தால் வாண்டு தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றி வைத்திருக்கிறாள். ஏழு வயதாகிறது, ஒரு டம்ளர் தண்ணீரை ஒழுங்காக ஊற்றத் தெரியவில்லை. திட்டப் போனேன். இவர் சிரிக்கிறார். "பொண்ணு யாரு? டிங் அக்கா பொண்ணாச்சே. கைவாகு அப்படியே வந்திருக்கு." நாள் முழுக்க வேன் ஓட்டிவிட்டு வந்தாலும் என்னைக் கிண்டல் பண்ண மட்டும் இவருக்குத் தெம்பு மிச்சமிருக்கும்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் கண் பரிசோதனையாம், பெற்றோரும் வரலாமாம். இவள் கண்ணுக்கு என்ன? எதிர்வீட்டு மாடியில் காயும் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்று இங்கிருந்தே சொல்லுவாள். அரை நாள் லீவுக்கு நல்ல சாக்கு. போகிறேன்.

ஜூன் 14

என்னவென்று எழுதுவது.

கண் பரிசோதிக்க வந்தது ஒரு சின்னப் பெண். கறுப்புக் கரண்டி மாதிரி ஒன்றால் வாண்டுவின் இடது கண்ணை மறைத்தாள். கடைசி வரி வரைக்கும் மளமளவென்று படித்தாள் வாண்டு. எனக்குப் பெருமை. பிறகு வலது கண்ணை மறைத்தாள். சத்தமே இல்லை.

"சொல்லு கண்ணு, பெரிய எழுத்துதான?"

"எழுத்து எங்க இருக்கு?"

"விளையாடாதடி, எல்லாரும் காத்திட்டிருக்காங்க" என்று அதட்டினேன். அந்தப் பெண் என் கையைத் தொட்டாள். "விளையாடலக்கா. இவளுக்கு நெசமாவே தெரியல."

ஏழு வருஷம். அந்த முகத்தைத் துடைத்துவிட்டவள் நான். சோப்பு நுரை படாமல் அந்தக் கண்ணைப் பொத்தியவள் நான். அதில் ஒன்றுக்குப் பார்வை இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கென்ன, அவளுக்கே தெரியவில்லை! எல்லோருக்கும் இப்படித்தான் போல என்று இருந்திருக்கிறாள். அதை நினைத்தால்தான் என்னவோ செய்கிறது.

ஜூன் 17

கண் மருத்துவ மையம். பணம் கட்ட முடிந்தவர்களுக்கு ஒரு வரிசை, முடியாதவர்களுக்கு ஒரு வரிசை. இரண்டும் போய் முடிவது ஒரே டாக்டரம்மாவின் அறையில்தான். யாரிடம் கடன் கேட்கலாம் என்று பஸ்ஸிலேயே ஆட்களை யோசித்துக்கொண்டு போனேன். கண்ணாடியும் சோதனையும் சேர்த்தே வாண்டுவின் பள்ளிக்கூட ஷூ விலையைத் தாண்டவில்லை.

டாக்டரம்மா சொன்னதை மறக்கக் கூடாது. "கண்ணுல கோளாறு பெருசா இல்லம்மா. இடது கண்ணுல பவர் அதிகம், அதனால அது மங்கலா காட்டுது. வலது பளிச்சுன்னு காட்டுது. மூளை என்ன பண்ணும்? முணுமுணுன்னு பேசறவன் பேச்சை யாரு கேப்பாங்க? கேக்கறதையே விட்டுடுச்சு. பாக்கறதுங்கறது பொறந்தப்புறம் கத்துக்கற விஷயம். இந்தக் கண்ணுக்கு இன்னும் கத்துக் குடுக்கல, அவ்வளவுதான்."

கத்துக்கற விஷயமா? நடப்பது, பேசுவது மாதிரி, பார்ப்பதுமா? பிறந்த குழந்தை கண்ணைத் திறந்தால் உலகம் தானாக வந்து உள்ளே விழும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"ஆபரேஷனா டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல. முதல்ல கண்ணாடி. அப்புறம் நல்ல கண்ணு மேல தினமும் ஒரு ஒட்டு. நல்லவனை உக்கார வெச்சாதான் சோம்பேறி வேலை செய்வான். நாலு வயசுல வந்திருந்தா சுலபம். இப்பவும் நேரம் இருக்கு. வீணாக்கறதுக்குத்தான் நேரம் இல்ல."

ஆகஸ்ட் 19

கண்ணாடி மட்டும் போட்டதிலேயே எழுத்து அட்டையில் ஒரு வரி கீழே இறங்கிப் படித்துவிட்டாள். இன்றிலிருந்து ஒட்டு. பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும்வரை.

ஒட்டினேன். கையை நீட்டி என் முகத்தைத் தடவினாள். "அம்மா, உன் மூஞ்சி கலங்கிப் போச்சு." சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 20

பிய்த்தாள். ஒட்டினேன். பிய்த்தாள். ஒட்டினேன்.

ஆகஸ்ட் 27

"நீ கெட்ட அம்மா." இருந்துட்டுப் போறேன் போ.

செப்டம்பர் 9

அப்பாடா. ஒட்டோடு உட்கார்ந்து இன்று டிவி பார்த்தாள், அழவே இல்லை. சாயங்காலம் வேன் ஓட்டத்துக்கு நடுவே வீட்டுக்கு ஒரு எட்டு வந்து இவர்தான் ஒட்டிவிட்டாராம், இனி தினமும் இவரே ஒட்டுகிறாராம். பழகிவிட்டாள் போல. பிள்ளைகள் எதற்கும் பழகிவிடுகிறார்கள், நாம்தான் கிடந்து தவிக்கிறோம்.

அக்டோபர் 21

மறு பரிசோதனை. ஒரு வரிகூட நகரவில்லை.

பள்ளிக்கு வந்த அதே பெண்தான். "டெய்லி ஒட்டறீங்களாக்கா?" என்றாள். சுருக்கென்றது. "பின்ன, ஒட்டாமலா உங்ககிட்ட பொய் சொல்றோம்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க கண்ணையும் பாத்துடலாமா? இது குடும்பத்துல வரும்."

"எனக்கென்ன, எல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். இடது கண்ணை மூடினாள், படித்தேன். வலது கண்ணை மூடினாள்.

எதிரே ஏதோ வெள்ளையாக இருந்தது. அதில் எறும்புகள் மொய்த்தன. அவ்வளவுதான் தெரிந்தது.

முப்பத்தாறு வயது. இத்தனை வருஷமும் நான் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடுப்பு, பஸ், கல்யாணம், குழந்தை — எல்லாம் ஒற்றைக் கண்ணால்.

அந்தப் பெண் தன் விரலை என் முன்னால் நீட்டி விளக்கினாள். இரண்டு கண்ணும் ஆளுக்கு ஒரு பக்கமிருந்து பார்க்கின்றனவாம். மூளை இரண்டு படத்தையும் ஒன்றாக்கி, எது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுமாம். "அதனாலதான் டம்ளர் விளிம்பு எங்க இருக்குன்னு தொடாமலே தெரியும்."

டிங்.

அப்படியென்றால் தப்பு என் கையில் இல்லையா? நான் கவனக்குறைவானவள் இல்லையா?

"எனக்கும் ஒட்டு போட்டா சரியாகுமா?" என்றேன். "உங்க வயசுல ரொம்பக் கஷ்டம்கா. ஆனா அந்த நல்ல கண்ணைப் பொத்திப் பொத்திப் பாத்துக்குங்க. அடுப்புகிட்ட நிக்கறீங்க, உடையாத கண்ணாடி ஒண்ணு எப்பவும் போட்டுக்குங்க. வருஷத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க." சரி என்றேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். வாண்டு என் மடியில் ஏறிக்கொண்டு, "உனக்கும் மார்க் கம்மியாம்மா?" என்றாள். ஆமாம்டி தங்கம்.

அக்டோபர் 22

காலையில் இவரை ஜன்னலுக்கு இழுத்து வந்தேன். தெருவிளக்குப் பக்கத்து மரத்தைக் காட்டினேன்.

"இலைக்கும் இலைக்கும் நடுவுல என்ன தெரியுது?"

"என்ன தெரியும்? காலி இடம்."

"காலி இடம்னா?"

"என்னடி கேள்வி இது. முன்னாடி இலை முன்னாடி இருக்கு, பின்னாடி இலை பின்னாடி. நடுவுல இடைவெளி. கையை விட்டா உள்ள போகும்."

இதை இவர் பல் விளக்கிக்கொண்டே சொல்கிறார். எனக்கு மரம் என்றால் இலை போட்ட துணி. எது எதை மறைக்கிறதோ அது முன்னால் என்று தெரியும், யோசித்தால் புரியும். ஆனால் நடுவில் இருக்கும் ஒன்றுமில்லாததைக் கண்ணாலேயே பார்ப்பதா? இவர்களெல்லாம் தினமும் அதற்குள்தான் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்களா? இத்தனை பெரிய சங்கதியை ஒருத்தர்கூட என்னிடம் சொன்னதில்லையே!

"உனக்கு அப்படித் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். இன்று கிண்டல் எதுவும் வரவில்லை.

அக்டோபர் 25

இதை எழுதியே ஆகணும்.

வாண்டுவுக்கு ஒட்டைப் பிரிச்சப்ப பாத்தேன். நடுவுல வெளிச்சம். ஊசி நுழையற அளவு ஓட்டை.

"யாருடி இது?"

"அப்பா. காத்து போறதுக்காம்."

செப்டம்பர்லேர்ந்து! தினமும்! நான் கேன்டீன்ல நிக்கிற நேரத்துல!

வேனை நிறுத்திவிட்டு இவர் வந்ததும் நேராகவே கேட்டேன். மறைக்கவில்லை. "அழுதுச்சு. என்னால பாத்திட்டிருக்க முடியல. நல்லா இருக்கற கண்ணைப் போய் மூடறதான்னு மனசு கேக்கல. சின்ன ஓட்டைதான."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். கத்தவில்லை. புது ஒட்டு ஒன்றைப் பிரித்து என் வலது கண்ணில் ஒட்டிக்கொண்டேன். "உக்காருங்க, டீ தர்றேன்" என்றேன். முதல் ஊற்று மேசைக்குப் போனது. கோப்பையைத் தேடித் துழாவினேன், அது உருண்டு கீழே போய் உடைந்தது. கலங்கலாக ஏதோ அசைந்தது, அதுதான் இவர் என்று வைத்துக்கொண்டேன்.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு உங்க மூச்சை வெச்சுத்தான் சொல்றேன். அந்த வலது கண்ணுல நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இப்படித்தான். எனக்கு நேரம் போயிடுச்சு. அவளுக்கு இன்னும் இருக்கு. அதுல போய் ஓட்டை போடறீங்களே."

இவர் என் கண்ணிலிருந்து ஒட்டை மெதுவாக எடுத்தார். மேசையை அவரே துடைத்தார், சில்லுகளைப் பொறுக்கினார். கண்கள் சிவந்திருந்தன.

அக்டோபர் 26

இன்று ஒட்டியது இவர்தான். ஒட்டின் மேல் ஒரு மீன் வரைந்திருந்தார். மீன் மாதிரி இல்லை, செருப்பு மாதிரி இருந்தது. வாண்டு சிரித்துக்கொண்டே ஒட்டிக்கொண்டாள்.

நவம்பர் 30

தினமும் அப்பாவும் மகளும் பாசிமணி கோர்க்கிறார்கள். சோம்பேறிக் கண்ணுக்கு நுணுக்கமான வேலை கொடுக்கணுமாம். இதில் ஒரு வேடிக்கை. ஊசியில் நூல் கோர்க்க இவர் கையைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனார், கடைசியில் கையின் நீளம் போதவில்லை. நாற்பத்திரண்டு வயது, ஒத்துக்கொள்ள மனசில்லை. மகள்தான் இழுத்துப் போனாள். அதே மையத்தில் படிக்கிற கண்ணாடி, டீக்காசு மாதிரி ஒரு விலை. வீட்டில் இப்போது மூன்று மூக்கிலும் கண்ணாடி.

ஜனவரி 18

இரண்டு வரி இறங்கிவிட்டாள். இரண்டு வரி! படிக்கட்டில் உட்கார்ந்து இன்றும் அழுதேன், இது வேறு அழுகை. ஒன்றும் தெரியாமல் கிடந்த கண், நாங்கள் தூங்கும்போதும் சாப்பிடும்போதும் உள்ளுக்குள் பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மார்ச் 7

ஒரு வரிதான் பாக்கி. அந்தப் பெண் இன்று ஒரு புத்தகத்தைத் திறந்தாள். பக்கம் முழுக்கப் பெரிய ஈயின் படம். வாண்டுவுக்கு வேறொரு கண்ணாடியை மாட்டிவிட்டு, "இறக்கையைப் பிடி பாக்கலாம்" என்றாள்.

வாண்டு கையை நீட்டினாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள். "கடிக்குமா?"

"கடிக்காது, புடி."

இரண்டு விரலைக் குவித்து, காகிதத்துக்கு மேலே, வெறும் காற்றில் எதையோ கிள்ளினாள். "ரெண்டு கண்ணும் சேந்து பாத்தாதான்கா ஈ தாளை விட்டு மேல எழும்பும்" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

நானும் கேட்டு வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஈ காகிதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இறக்கை மேல் விரலை வைத்தேன், வழவழப்பான தாள்.

"அங்க இல்லம்மா." வாண்டு என் விரலைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். "இங்க. இதான் இறக்கை. அசைக்காத."

அசைக்கவில்லை. விரலுக்கும் தாளுக்கும் நடுவே எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு இருக்கிறது. என் விரல் நுனியில் அது இருக்கிறது என்று என் மகள் சொன்னாள். நான் நம்பினேன்.

மார்ச் 9

ஞாயிறு. உச்சி வெயிலில் துணி காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். "அம்மா, தண்ணியா?" என்று வாண்டு கூஜாவைத் தூக்கினாள். பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றியது, கண் என் முகத்தில், கை மட்டும் மேலே உயர்ந்து ஊற்றியது. பழக்க தோஷம், அந்த 'டிங்' சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

டம்ளர் நிறைந்துவிட்டது. சத்தம் வரவே இல்லை.