அந்தக் கிளாஸில் இருந்தது தேத்தண்ணி

என் ஆசை அண்ணே,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அழுதுகொண்டே எழுதுகிற கடிதம் இல்லை. அழுகையெல்லாம் போன வருஷத்தோடு தீர்ந்தது. இப்போது எனக்கு வயிறு எரிகிறது. பாதி அந்த வெலிகம ஹோட்டல்காரர்கள் மேல், பாதி உன் மேல். உட்கார்ந்து கேள். உனக்கு இப்போது வேறு என்ன வேலை?

நான் அப்புத்தளை டவுனில் அதே துணிக்கடையில்தான் நிற்கிறேன். அண்ணி முட்டியில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு இன்னமும் கொழுந்து பறிக்கப் போகிறார். உன் மகன் தினேஷ் பதுளையில் ஹோட்டல் வேலைக்கான படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடி அலைகிறான். இந்தச் சங்கதியெல்லாம் அவன் கையிலிருந்த போனில்தான் ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடி வந்தான். "அத்தை, அப்பாவோட படம் இன்டர்நெட்ல வந்திருக்கு, பாருங்க!" யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியது. இலங்கைக் கடற்கரையில் நல்ல விஸ்கியை எங்கே உட்கார்ந்து ருசிக்கலாம் என்பதுதான் விஷயம். ஊர் ஊராக, பார் பாராகச் சொல்லிக்கொண்டே போய், எல்லாவற்றிலும் மேலானது நீ பார்மேனாக நின்ற ஹோட்டல்தான் என்று முடித்திருந்தார். படத்தில் நீ. வெள்ளைச் சட்டை, கறுப்பு வேஸ்ட்கோட், கையில் கிளாஸ், பின்னால் கடல். நீ சிரிக்கிறதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் தினேஷ் கீழே இருந்ததைத் தமிழில் சொன்னான். மலையிலிருந்து இறங்கி வந்த செல்வா, அதாவது நீ, ஓர் இரவுக்கு ஒரு முழுப் போத்தல் குடிப்பானாம். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரோடும் ஒரு கிளாஸ். ஆனாலும் கை நடுங்காதாம், ஒரு சொட்டுச் சிந்தாதாம். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அது இரத்தத்திலேயே ஊறியதாம். அவன் நினைவாக அங்கே 'செல்வா கோர்னர்' என்று ஒரு மூலை இருக்கிறதாம். அவசியம் போய் உட்கார வேண்டுமாம்.

இரத்தத்தில் ஊறியதாம்! விடியற்காலைப் பனியில் நனைந்து பெரட்டுக்களத்துக்கு ஓடி, வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு, நாள் முழுக்க மலையில் நிற்கிறவர்களைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? அவர்கள் குடித்தால் ரசனை, நாம் குடித்தால் இரத்தமா? போனைத் தூக்கி அடித்திருப்பேன், தினேஷின் போன் என்பதால் விட்டேன்.

இதில் பெரிய கொடுமை என்னவென்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். விஸ்கி உன் தொண்டையில் ஒரே ஒரு தடவைதான் இறங்கியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய பார்மேன் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தாரென்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து சொன்னாய். "ஆஸ்பத்திரி கழுவுற தண்ணி மாதிரி இருக்கு மகேசு. கருகுன டயர் வாசம் வேற. இதுக்கா இவனுங்க கப்பலேறி வர்றானுங்க?" நீ ஒன்றும் பெரிய சாமியார் இல்லை. உனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் விருந்தாளிக்குத் துணை வேண்டும். "நீயும் ஒரு கிளாஸ் எடு" என்பான். மாட்டேன் என்றால் முகம் வாடிவிடும். அதற்கு நீ கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் நம் தோட்டத்துத் தேயிலைத் தூளைப் பையில் அடைத்துக்கொண்டு போவாய். அங்கே பால் விடாத பிளேன்டீ ஊற்றி, ஆறவைத்து, காலி விஸ்கிப் போத்தலில் நிரப்பி, கவுன்டருக்குக் கீழே வைத்துக்கொள்வாய். யார் எடுக்கச் சொன்னாலும் அதிலிருந்துதான். நிறத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது என்றாய்.

"அண்ணே, அது ஏமாத்து இல்லையா?" என்று கேட்டேன். "அவங்க என்கிட்ட வர்றது நான் என்ன குடிக்கிறேன்னு பாக்கவா? தனியா குடிக்கக் கூடாதுன்னு வர்றாங்க. தொணைக்கு நான் நெசமாத்தானே நிக்கிறேன்?" என்றாய்.  

அதோடு விட்டாயா? உன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாய். அண்ணியிடம்கூடச் சொல்லக் கூடாது என்றாய். அண்ணிக்குத் தெரிந்தால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரியும், லயத்துக்குத் தெரிந்தால் அந்தப் பக்கம் வேலைக்கு வருகிற நம் ஊர்ப் பயல்கள் மூலமாக ஹோட்டலுக்கும் போய்விடும் என்று உனக்குப் பயம். அதே பயல்கள் வந்து, நீ விருந்தாளிகளோடு ராத்திரி ராத்திரி குடிக்கிறாய் என்று லயத்தில் சொன்னபோதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குக் கிடைத்த கூலியைக் கேள். நீ பாரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்ச் சேர்ந்தாய். டாக்டர் இருதயம் என்றார், லயம் குடி என்றது. உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே "குடிச்சே அழிஞ்சான்" என்று பேசினார்கள். போன வருஷம் முதல் திதிக்கு நம் சித்தப்பா ஒரு விஸ்கிப் போத்தலோடு வந்து நின்றார். செத்தவருக்குப் பிடித்ததைப் படையலில் வைக்க வேண்டுமே! "நம்ம செல்வராசு குடிச்சது ஒசத்திச் சரக்கு. சாராயத்த வச்சா கோவிச்சுக்குவான்" என்று சொல்லி உன் படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தார். சூடம் அணைவதற்குள் மீதிப் போத்தல் லயத்துக்குப் பின்பக்கம் போய்விட்டது. நீயும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?

சரி, ஹோட்டல் கதைக்கு வருகிறேன். தினேஷ் சும்மா இல்லாமல், நான் செல்வாவின் மகன் என்று அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டான். மறுநாளே மேனேஜர் பேசினார். நீ இருந்த காலத்து மேனேஜர் இல்லை, இவர் புதிதாக வந்த கொழும்புத் தமிழர். அப்பா நின்ற அதே மூலையில் மகன் நிற்கலாம், நல்ல சம்பளம், தங்குமிடம், சாப்பாடு என்றார். அண்ணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு மேனேஜர் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு மட்டும்தான் உறுத்தியது. "அப்பா மாதிரியே கெஸ்ட்டோட சேர்ந்து எடுக்கணும், அதுதான் ஸ்பெஷல்." நானும் கூட வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

கொஸ்லந்த வழியாக இறங்கி, வெல்லவாய தாண்டினதும் வேர்க்க ஆரம்பித்தது. நீ இத்தனை வருஷம் போய் வந்த பாதையில் நான் அன்றுதான் முதல் தடவையாகப் போனேன். கடலைப் பார்த்ததும் தினேஷ் எழுந்தே நின்றுவிட்டான். பாவம், அவனுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பாரில் உன் படம் ஜன்னலளவு பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கீழே பித்தளைத் தகட்டில் அதே 'இரவுக்கு ஒரு போத்தல்' கதை. சாயங்காலக் கூட்டம் இன்னும் வரவில்லை, ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் தினேஷைக் கூட்டிக்கொண்டு போய் உன் படத்துக்குக் கீழே நிறுத்தினார். ஒரு கிளாஸை அவன் கையில் கொடுத்து, ஊற்றினார். அந்தத் தம்பதியிடம் இவன்தான் மகன் என்று சொன்னார். அவர்கள் கை தட்டினார்கள்.

"ஒரு வாய் எடும் தம்பி, போட்டோவுக்குத்தானே" என்றார் மேனேஜர்.

தினேஷ் கிளாஸைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அண்ணே, அவன் கையைப் பார்த்தேன், அது அப்படியே உன் கை. அந்தக் கை கிளாஸைத் தூக்கத் தொடங்கியதும் உன் தலைமேல் செய்த சத்தியமெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"வைடா கீழ!" என்று கத்தினேன். "எங்கண்ணன் ஜென்மத்துல குடிச்சதில்ல. அவர் கிளாஸ்ல இருந்தது தேத்தண்ணி! எங்க தோட்டத்துத் தேத்தண்ணி!"

துணிக்கடையில் தள்ளுபடி கூவுகிற குரல் எனக்கு. சமையலறையிலிருந்துகூட ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், போத்தல், தூள், கவுன்டருக்குக் கீழே, எல்லாவற்றையும். மேனேஜர் முகம் கறுத்துப்போகும், மன்னிப்புக் கேட்பார், அந்தத் தகட்டைக் கழற்றுவார் என்றுதான் நினைத்தேன். அந்த மனிதர் அதை இங்கிலீஷில் தம்பதிக்குச் சொன்னார். மூவரும் சிரித்தார்கள். அப்புறம் கண்ணெல்லாம் மின்ன என் பக்கம் திரும்பினார்.

"அன்ட்டி, இது அதவிட நல்ல கதைதானே! போர்டை மாத்திப் போடுவோம். விஸ்கியில ஐஸ் டீ கலந்து செல்வா பேர்லயே ஒண்ணு போடலாம். நீங்க கொழுந்துக் கூடையோட ஒரு போட்டோ எடுத்துத் தர ஏலுமா?"

கேட்டாயா? நான் துணிக்கடையில் நிற்கிறவள் அண்ணே! என் முதுகில் கூடையை மாட்டப் பார்க்கிறான்! பொய்யைச் சொன்னாலும் விற்கிறான், உண்மையைச் சொன்னாலும் விற்கிறான். இவனிடம் என்ன பேசுவது? நானும் வியாபாரத்தில் இருக்கிறவள்தான். சாயம் போகிற துணியைக்கூட விற்றிருக்கிறேன், செத்தவர்களை விற்றதில்லை.

ஓர் உயரமான ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். தினேஷ் ஓடி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். படத்தை இறக்கிப் பின்பக்கத்து ஆணிகளை நெம்பினேன். "அன்ட்டி, அது ஹோட்டல் சொத்து!" என்று மேனேஜர் பதறினார்.

"சட்டம் ஒங்களுது, வச்சுக்குங்க. உள்ள இருக்கிற ஆளு எங்க ஆளு" என்றேன். உன்னைச் சுருட்டிக் கடைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். வெறும் சட்டத்தையும் தகட்டையும் அவர்கள் என்ன செய்தார்களோ தெரியாது.

பஸ்ஸில் தினேஷ் அந்தப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அப்புறம், "ஸ்கூல்ல என்னைய போத்தல் மகன்னுதான் கூப்புடுவானுங்க அத்தை. அப்பா என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றான். நீ சொல்லு, அவனுக்கு நான் என்ன சொல்வது? மேனேஜர் அதற்குப் பிறகும் இரண்டு தடவை போன் பண்ணினார். ரிசப்ஷனில் வேலை இருந்தால் வருகிறேன், அப்பாவுடைய மூலையில் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். இன்னும் பதில் இல்லை. அண்ணியிடம் பார் வேலை சரிவரவில்லை என்று மட்டும் சொல்லி, தேத்தண்ணிக் கதையைத் திதிக்கென்று வைத்துக்கொண்டோம். அவன் வேலையைக் கெடுத்தேனா, அவனைக் காப்பாற்றினேனா? உனக்காவது தெரிகிறதா?

போன வெள்ளிக்கிழமை உன் இரண்டாவது திதி. அந்தப் பெரிய படத்தை அப்புத்தளையிலேயே சட்டம் போட்டு மாட்டினோம். இலை போட்டு, கறி எல்லாம் வைத்த பிறகு, தினேஷ் ஒரு கிளாஸில் ஆறின பிளேன்டீயை ஊற்றிக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தான். சித்தப்பா போத்தலும் கையுமாக வாசலில்.

"டேய், என்னடா இது? ஒங்கப்பனுக்குத் தேத்தண்ணியா வைக்கிற?"

"ஆமா சித்தப்பா, தேத்தண்ணிதான்" என்று நான் ஆரம்பித்தேன். லயம் முழுக்கக் கூடியிருந்தது, எனக்கு அதுதான் வேண்டும். உன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னேன். சித்தப்பா போத்தலை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். எனக்கு அப்படியொரு நிம்மதி. ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினால், அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"மகேசு, நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஏன் வெரதம் இருந்தேன்னு தெரியுமா?" என்று கேட்டார். குடும்பத்துக்காக என்றுதான் எங்களுக்கு எப்போதும் சொல்வார். உன்னிடமும் அதைத்தானே சொன்னார்? "இந்த மனுசன் குடிய விடணும்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். கட்டிக்கிட்டு வந்த வருசத்துலேர்ந்து. குடிக்காத மனுசனுக்கா நான் பட்டினி கெடந்தேன்?"

 அந்த இடத்தில்தான் அண்ணே, எனக்கு உன் மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஹோட்டல்காரன் உன்னைத் தெரியாதவன், அவன் விற்றான். கட்டினவளிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், என்னால் முடியாது.

அண்ணி உன் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் உன் முகத்தையே பார்த்தார். திட்டப்போகிறார், நன்றாகத் திட்டட்டும் என்று நானும் விட்டேன். அந்தக் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஆறிப்போயில்ல இருக்கு. இத்தன வருசமும் இந்த ஆறுன தண்ணியவா குடிச்சிக்கிட்டு நின்னீங்க?"

எழுந்து உள்ளே போனார். அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. இஞ்சி தட்டிப் போட்டு, சீனி அள்ளிப் போட்டு, ஆவி பறக்கப் பறக்க ஒரு கோப்பை கொண்டுவந்து இலையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

கடற்கரையில் நல்ல விஸ்கி குடிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் போய்க் குடிக்கட்டும், எனக்கு அவர்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. உன் பேரைச் சொல்லி மட்டும் யாரும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் மறுபடியும் பஸ் ஏறுவேன். நான் உயிரோடு இருக்கும்வரை உன் திதிக்கு இந்த வீட்டில் போத்தல் ஏறாது. அண்ணி கையால் தேத்தண்ணி வரும், சூடாக வரும். ஆறுவதற்குள் குடித்துவிடு.

உனக்குச் செய்த சத்தியத்தை உடைத்த, உடைத்ததற்குக் கொஞ்சமும் வருந்தாத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மகேஸ்வரி
அப்புத்தளை