தலைகீழாகத் தொங்கிய தீ

செஞ்சி பஸ் நிலையத்தில் நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். சின்னக் குப்பியைத் திறந்ததும் கனிந்த வாழைப்பழமும் மருந்துக்கடையும் கலந்தாற்போல ஒரு நெடி வந்தது. உன் கையில் எப்போதும் இருந்த நெடி. அறுந்த பிலிமை ஒட்டும் பசையின் நெடி. சோப்புப் போட்டுக் கழுவினாலும் உன்னை விட்டுப் போகாது. உங்கள் வீட்டுப் பெருநாள் பிரியாணியில்கூட அது கொஞ்சம் அடிக்கிறது என்று நான் சொன்னபோது, "அதான் மச்சான் ருசியே" என்றாய்.

அந்தப் பெண் தான் பார்த்த சினிமா ஒன்றைத் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வரப்போகிற காலத்துக் கதையாம். ஏரியெல்லாம் வற்றிப்போய்த் தண்ணீரை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கிறார்களாம். படம் விட்டு வெளியே வந்தவர்கள் யாரும் யாரோடும் பேசவில்லையாம். "எனக்கு நைட்டெல்லாம் தூக்கமே வரலடி" என்றாள். நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடியாதிருந்த அந்த வருஷங்களில் கோட்டைக்குப் போகிற பாதையோரம் உன் டென்ட் சினிமாக் கொட்டாய் நின்றது. இரண்டாள் வேலையை நீ ஒருவனே செய்தாய். படம் காட்டும் மிஷினும் ஓட்டுவாய்; இங்கிலீஷ் படமாக இருந்தால் தகரக் குழாயை வாயில் வைத்துத் தமிழில் விளக்கமும் சொல்வாய். நான் மதராஸ் பத்திரிகை ஒன்றுக்குச் செஞ்சி தாலுகா நிருபர். மழை, சந்தை விலை, கோர்ட் தீர்ப்பு தவிர எனக்கு எழுத ஒன்றுமில்லாத நாட்களில் உன் மிஷின் அறைதான் என் ஆபீஸ்.

படத்துக்கு முன்னால் சர்க்காரின் யுத்தச் செய்திப் படத்தைக் கட்டாயம் காட்டியாக வேண்டும். மிஷின் விளக்குக்கான கார்பன் குச்சியோ கிடைக்காத சரக்கு. ஒவ்வொரு முறை ரீல் மாற்றி விளக்கை மறுபடி ஏற்றும்போதும் குச்சி கொஞ்சம் வீணாகிறது என்பது உன் கணக்கு. அதனால் செய்திப் படத்தின் வாலையும் கதைப் படத்தின் தலையையும் பசை போட்டு ஒட்டி ஒரே ரீலாக ஓட்டப் பழகியிருந்தாய். ஆட்டமும் பாட்டுமாகத் தொடங்கும் படங்களில் அதனால் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

அந்த ஆனி மாதம் வந்தது வேறு மாதிரிப் படம். இன்னும் ஐந்து வருஷத்தில் உலகம் எப்படியிருக்கும் என்று யாரோ வெள்ளைக்காரன் கற்பனை செய்தது. அதில் ஊர் விதையையெல்லாம் ராணுவம் வாரிக்கொண்டு போகிறது. விதை வைத்திருப்பவன் ஜெயிலுக்குப் போகிறான். வீட்டுக்கு வீடு வெந்த சோறு வண்டியில் வருகிறது. கடைசி ரீலில் மிச்ச விதை மூட்டைகளை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்துகிறார்கள்.

அன்றைக்குச் செய்திப் படத்தின் கடைசிக் காட்சி, அதிகாரிகள் நெல் அளந்து கொள்முதல் செய்வது. அடுத்த நிமிஷம் அதே காக்கி, அதே தொப்பி, வேறு மூட்டைகள். நீ அதே குரலில், "இன்னும் அஞ்சு வருசத்துல நடக்கப்போற சங்கதி, எல்லாரும் கவனமா பாருங்க" என்றாய். திரையில் இங்கிலீஷில் இருந்ததைத்தான் சொன்னாய்.

வழக்கமாக மணல் தரைக் கூட்டம் இரையும். அன்று ரீல் மாற்றும்போதுகூடச் சத்தமில்லை. பெண்கள் பக்கம் பாதிப்பேர் முடியும் முன்பே எழுந்து போனார்கள். உனக்குப் பெருமை தாங்கவில்லை. "முறுக்கு ஒண்ணுகூட விக்கல மச்சான். அப்டி பாத்திருக்கானுவோ" என்றாய்.

இரண்டு நாள் கழித்து நான் சந்தை விலை எடுக்க அனந்தபுரம் போனேன். தெருவுக்குத் தெரு உலக்கைச் சத்தம். நெல் கிடைப்பதே அரிதான மாதத்தில் எதைக் குத்துகிறார்கள் என்று புரியவில்லை. குப்பம்மா என்ற பெண் வாசலில் குத்திக்கொண்டிருந்தாள். காணி நிலத்தைத் தனியாகப் பயிர்செய்கிறவள். உன் கொட்டாய்க்குத் தவறாமல் வருகிறவள். பக்கத்தில், சாணம் மெழுகி வாயடைத்த பானை உடைந்து கிடந்தது. வேப்பிலைச் சருகு சிதறியிருந்தது. விதைநெல்.

ஆடிக்கு நாற்று விட என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் உலக்கையை நிறுத்தவில்லை.

"இன்னா பேப்பர்க்காரரே, நீங்களும்தான கொட்டாயில பாத்தீங்க? நெல்ல அளந்தாங்க, அப்பால வெதைய எடுத்தாங்க. கொளுத்தறதுக்குக் குடுக்கறத விட எம்புள்ளைங்க துன்னட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் அந்தப் படத்தைச் சினிமாவாகப் பார்க்கவில்லை. சர்க்கார் முன்கூட்டியே காட்டிய அறிவிப்பாகப் பார்த்திருக்கிறது. அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. முந்தின வருஷம் நெல்லை அளந்து எடுத்துப்போனவர்கள் முதலில் செய்திப் படத்தில் வந்து, பிறகுதான் வாசலுக்கு வந்தார்கள்.

சைக்கிளை மிதித்து உன்னிடம் வந்தேன். அதற்குள் தாசில்தார் உன்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பீதி கிளப்பியதற்கு நீதான் பொறுப்பு. அடுத்த சந்தைக்குள் ஊர் அடங்காவிட்டால் கொட்டாய் லைசென்சில் கையெழுத்து இல்லை என்றாராம். இதைச் சொல்லிவிட்டு நீ என்னிடம் கேட்டது லைசென்சைப் பற்றி அல்ல. "எத்தினி வீட்ல குத்துறாங்க?" என்றாய். எண்ணவில்லை, நிறைய என்றேன். நான் அப்போதே பத்திரிகைக்குத் தந்தி கொடுத்திருக்கலாம். எழுதாதே என்று நீ சொல்லவில்லை. "முடிஞ்சப்பறம் முழுசா எழுது" என்றாய்.

அன்றே இருவரும் அனந்தபுரம் போனோம். அது வெறும் கதை, வேஷம் போட்டு எடுத்தது என்று தெருத்தெருவாகச் சொன்னாய். குப்பம்மா கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, "ஆபீசரு சொல்லி அனுப்பினாரா பாய்?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் முகம் சுண்டிப்போனது. திரும்பும் வழியில் செஞ்சி நெருங்கியபோது, "வாயால சொன்னா நம்பமாட்டாங்க. என் வாயால கெட்ட சங்கதியாச்சே" என்றாய்.

மறுநாள் தண்டோரா போடச் சொன்னாய். அதே படம், மாலை ஆட்டம், டிக்கெட் கிடையாது. அனந்தபுரம், தளவானூர் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். படம் பார்க்கிற முகத்தோடு யாரும் வரவில்லை. எந்தத் தேதியில் வந்து எடுப்பார்கள் என்று தெரிந்துபோக வந்த முகங்கள். நாற்காலியில் தாசில்தார்.

நீ முதல் ரீலை எடுக்கவில்லை. கடைசி ரீலை எடுத்தாய். முந்தின ஆட்டம் ஓடியபின் அதைத் திருப்பிச் சுற்றவில்லை என்பதை நான் கவனித்துச் சொன்னேன். அப்படியே மாட்டினால் படம் பின்பக்கமாக, தலைகீழாக ஓடும். எந்த ஆபரேட்டருக்கும் மானம் போகிற தவறு. "தெரியும்" என்றாய்.

விளக்கு ஏறியது. திரையின் மேலேயிருந்து தீ கீழ்நோக்கித் தொங்கியது. பேச்சு வரவில்லை, உறுமல்தான் வந்தது. புகை சுருண்டு சுருண்டு தீக்குள்ளேயே போய் நுழைந்தது. தீ சிறுத்துச் சிறுத்து ஒரு தீக்குச்சிக்குள் அடங்கியது. கருகிய மூட்டைகள் முழுசாகி எழுந்து சிப்பாய்களின் தோளில் தாமாக ஏறிக்கொண்டன. சிப்பாய்கள் வானத்தில் கால் வைத்துப் பின்பக்கமாகவே நடந்து வீடுவீடாகப் போய் மூட்டையை இறக்கினார்கள்.

முதல் சிரிப்பு பெண்கள் பக்கமிருந்து வந்தது. குப்பம்மாவுடைய சிரிப்பு. "பாருடி, கொண்டாந்து குடுக்கறான்" என்றாள். பிறகு கொட்டாய் முழுவதும் சிரித்தது. தாசில்தாரும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

நீ மிஷினை நிறுத்தி, அந்த ஒட்டுப்போட்ட முதல் ரீலை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினாய். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒட்டை எல்லோருக்கும் தெரியும்படி கத்தரித்தாய். ஒரு கையில் ஒரு துண்டு, மறு கையில் ஒரு துண்டு.

"இது நடந்தது. சர்க்கார் எடுத்தது. இது நடக்கல. எவனோ யோசிச்சுக் கட்டினது. ரெண்டையும் ஒட்டினவன் நானு."

குப்பம்மா எழுந்தாள்.

"நடக்கல, சரி. நடக்கவே நடக்காதுன்னு சொல்லு பாய், பாக்கலாம்."

தாசில்தார் உன்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லைசென்சு பிழைத்தது. நீ இரண்டு துண்டுகளையும் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"அது எனக்குத் தெரியாதும்மா. உனக்கும் தெரியாது. அதனாலதான் வெதைக்கணும்."

குப்பம்மா உட்கார்ந்து, அந்தத் தீ தொங்குகிற ரீலை இன்னொரு தடவை காட்டு என்றாள். காட்டினாய். அன்றைக்கு முறுக்கு தீர்ந்துபோயிற்று.

குத்தின நெல் குத்தினதுதான். ஆனாலும் உடைக்காமல் பானை வைத்திருந்தவர்கள் உடைத்தவர்களுக்குப் படிக்கணக்கில் அளந்து கொடுத்தார்கள். ஆடி முடியும்போது நான் அந்தப் பக்கம் போனேன். எல்லா வயலிலும் நாற்று இல்லை. இருந்த இடத்தில் நல்ல பச்சை. குப்பம்மாவின் நாற்றங்கால் சிறியது. வரப்பிலிருந்து கையாட்டி, இந்த வாரம் என்ன படம் என்று கேட்டாள். தாசில்தார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே உன் லைசென்சில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான் முழுசாக எழுதினேன். காகிதத் தட்டுப்பாட்டில் அது கால் பத்தியாகச் சுருங்கி வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தச் செய்தியிலும் நடந்ததையும் நடக்கக்கூடும் என்பதையும் ஒரே பத்தியில் வைத்ததில்லை. இடம் மிச்சம் பிடிக்க உதவி ஆசிரியர்கள் இரண்டையும் சேர்ப்பார்கள்; நான் சண்டை போட்டுப் பிரிப்பேன். அவர்களுக்கு அது கிழவனின் பிடிவாதம். அவர்கள் உன் கத்தரியைப் பார்த்ததில்லை.

நீ மவுத்தான செய்தி எனக்குத் தாமதமாக வந்தது. மண் போடக்கூட வர முடியவில்லை. அதனால்தான் இந்தப் பக்கம் பஸ் ஏறும்போதெல்லாம் கொட்டாய் நின்ற இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.

நேற்று அந்தப் பெண் நான் கேட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டாள். "இன்னா தாத்தா, நெஜமாவே அப்டி ஆயிடுமா?" என்றாள். எனக்குத் தெரியாதும்மா என்றேன். அவள் முகம் வாடியது. அதற்குள் திருவண்ணாமலை பஸ் வந்தது. நகம் காயவில்லை என்று பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தோழியோடு ஏறி, பக்கத்தில் எனக்கும் இடம் போட்டுவைத்தாள். திருவண்ணாமலை வரைக்கும் நேரம் இருந்தது. உன் கதையை முதலிலிருந்து சொன்னேன். நீ கடைசியில் சொன்ன பதிலையும் உன் வார்த்தையிலேயே சொன்னேன்.

தீ தலைகீழாகத் தொங்கிய இடத்தில் அவள் சிரித்தாள். குப்பம்மா சிரித்த அதே இடம்.