கோழி திருடியவனின் சாட்சி

1934 ஜனவரி, ஞாயிறு இரவு.

இன்று ஆராதனையில் நான் மனந்திரும்பிய கதையைச் சாட்சியாகச் சொல்ல அழைத்தார்கள். நான் எழுந்து நின்றால் சபை அழ வேண்டாமா? இரட்சிக்கப்படுவதற்கு முன்னால் சங்ககிரி ரோட்டில் வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தேன் என்றேன். அத்தனை பேரும் அழுதார்கள். உண்மையில் நான் கள் குடித்தேன், ஒரு கோழி திருடினேன். அதற்கு யார் அழுவார்கள்?

அக்கா மகள் எஸ்தரைப் பெண் கேட்க வந்திருந்த மல்லசமுத்திரத்துக்காரரும் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். "கொள்ளைக்காரரு ஊட்டுப் பொண்ணு எங்களுக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா சத்தம் போடவில்லை. "கர்த்தரு மன்னிக்கறதுக்கு நீ பண்ணுன பாவம் பத்தாதாடா? பண்ணாததையும் சேத்திச் சொல்லோணுமா?" என்றாள். எஸ்தர் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

விடிந்ததும் மல்லசமுத்திரம் போய், நான் வெறும் கோழித் திருடன்தான் என்று அவர் காலில் விழுந்தாவது சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு சபையிலும் சொல்ல வேண்டும். கொள்ளைக்காரன் என்று சொல்வது சுலபமாக இருந்தது; கோழித் திருடன் என்று சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

முழங்காலில் நின்று, எதையும் கூட்டாமல் ஜெபித்தேன். இரண்டு வரிதான் வந்தது. ஆனாலும் அப்படி இரண்டு வரி சேலம் ஜில்லாவிலேயே எவனும் ஜெபித்திருக்க மாட்டான்.