தாளில் இல்லாத கேள்வி

திங்கள்
காலையில் தூறல். ஆபரேஷன் தியேட்டரில் ஏ.சி. பழுது, இரண்டு கேஸ் தள்ளிப்போயின. ஓ.பி.யில் ஈஸ்வரி, வயது 52, போத்தனூரில் இட்லிக் கடை. கல்லீரலின் வலது பக்கம், மேலே, பின்புறம் கட்டி. சிறு துளை வழியே விடும் லேப்ராஸ்கோப்புக்கு எட்டாத மூலை.

ஆபரேஷன் எவ்வளவு கடினம் என்று பார்க்கும் கணிப்புத் தாளை நிரப்பினேன். கட்டியின் இடம், அளவு, ரத்தக்குழாய் எவ்வளவு அருகே, முன்பு வயிற்றில் ஆபரேஷன் உண்டா (இல்லை). கூட்டினால்: 'கடினம்'.

"ஓட்டை போட்டே எடுத்துப்போடுங்க டாக்டரம்மா. பெருசாக் கிழிச்சா அண்டா தூக்க முடியாதுங்களே."

சிரமமானால் வயிற்றைத் திறந்துவிடுவேன் என்றேன். கணவர் தங்கவேல் ஒன்றே ஒன்று கேட்டார்: "உசுருக்கு ஒண்ணுமில்லைங்களே?"

செவ்வாய்
வாங்க: தேங்காய் எண்ணெய், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.
ஸ்கேன் மூன்றாம் முறை. தாளின் ஓரத்தில் என் கணிப்பு: கல்லீரலைத் திருப்ப அரை மணி. ரத்தக்குழாய் அருகே வெட்டும்போதுதான் வேர்க்கும்.
மயக்க மருந்து டாக்டர் நந்தினி எட்டிப் பார்த்து, "ஜாதகம் எழுதறியா?" என்றாள். எனக்கும் சிரிப்பு. ஆனால் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. எது பலிக்கும், எது தப்பும்?

புதன்
எல்லாம் தலைகீழ். கேமரா உள்ளே போனதும் பார்த்தால், கல்லீரல் உதரவிதானத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. கெட்டியான பழைய தழும்பு. ஆபரேஷனே ஆகாத வயிற்றில்! பிரிக்கவே இரண்டு மணி நேரம். பிறகு ரத்தம். திரை முழுக்கச் சிவப்பு.
நந்தினி: "பிரஷர் இறங்குது. திறந்துடு."
ஒரு நொடி தயங்கினேன். வீம்பு, வேறென்ன. திறந்தேன். கையால் அழுத்த, நின்றது. நான் பயந்த ரத்தக்குழாய்ப் பக்கம் சுலபமாக முடிந்தது.
தங்கவேலிடம் பெரிய கீறல்தான் என்றேன். "கட்டி போச்சுங்களா?" "போச்சுங்க." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சனி
நல்ல வெயில். ஈஸ்வரி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். எப்போதாவது பலமாக அடிபட்டதா என்று கேட்டேன். யோசித்தார்.
"பத்து வயசுல கெணத்துல உழுந்துட்டேனுங்க. கல்லுப்படி இந்தப் பக்கம் இடிச்சுப்போட்டுது. வவுறு வீங்கி ரெண்டு மாசம் படுத்தே கெடந்தேன்."
"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"
"நீங்க ஆபரேஷன் ஆச்சான்னு தானுங்க கேட்டீங்க."
அப்போது உள்ளே கசிந்த ரத்தம் உறைந்து தழும்பாகி, கல்லீரலை ஒட்டவைத்திருக்கலாம். நிச்சயமில்லை. தாளில் பேனாவால் சேர்த்தேன்: அடிபட்டதுண்டா?

திங்கள்
ஈஸ்வரி வராந்தாவில் நடக்கிறார். புதுக் கேஸ், பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி. அடிபட்டதுண்டா என்றேன். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.
"எந்த அடியில இருந்து சொல்லட்டுமுங்க?"